கதவைக் கவனியுங்கள்: பழைய ஹாலிவுட் படம் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

தொண்ணூறுகளில் கேபிள் இணைப்பு இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். பகல் முழுக்கக் கார்ட்டூன் நெட்வொர்க். இரவானதும் அதே சேனல் டிஎன்டி என்று பெயர் மாறிவிடும். டாமும் ஜெர்ரியும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சிங்கம் உறுமும். கோட்டு, தொப்பி போட்ட யாரோ சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் கடகடவென்று இங்கிலீஷ் பேசுவார்கள். எங்கள் வீட்டில் அதுதான் "போய்ப் படு" என்பதற்கான மணி. டாமும் ஜெர்ரியும் அதே சிங்கக் கம்பெனியான எம்ஜிஎம்மில் பிறந்தவர்கள்தான் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு ரோஷம் வந்தது. 'உலகின் தலைசிறந்த படங்கள்' என்ற பட்டியல்களில் எல்லாம் முதலிடத்தில் இருந்த 'சிட்டிசன் கேன்' சிடியைத் தேடிப் பிடித்துப் போட்டேன். நாற்பதாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். அதன்பின் நாலைந்து வருடம் பழைய அமெரிக்கப் படம் பக்கமே போகவில்லை. இப்போது யோசித்தால், நான் தொடங்கிய இடம்தான் தப்பு. முதல் நாளே கச்சேரியில் ராகம் தானம் பல்லவியில் கொண்டுபோய் உட்காரவைத்த மாதிரி. நான் பிடித்திருக்க வேண்டிய வரிசையை இங்கே எழுதுகிறேன்.

பழைய ஹாலிவுட் என்று நான் சொல்வது, 'தி ஜாஸ் சிங்கர்' பேசத் தொடங்கிய 1927 முதல், பழைய தணிக்கை விதியைக் கைவிட்டு வயதுவாரியான சான்றிதழுக்கு மாறிய 1968 வரை. அதற்கு முந்தைய மௌனப் படங்களையும் சேர்த்துக்கொள்வோம். அவற்றை விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

முதலில் ரிமோட்டை எடுங்கள்

படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் டிவியைச் சரிசெய்ய வேண்டும். 1953-ல் சினிமாஸ்கோப் வரும்வரை ஹாலிவுட் படங்களின் சட்டகம் ஏறக்குறையச் சதுரம். உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய அகலத் திரையில் படம் நடுவில் நிற்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும். அது இருக்கட்டும். ஜூம் போட்டு நிரப்பினால் தலை வெட்டுப்படும். இழுத்து நிரப்பினால் இங்ரிட் பெர்க்மன் பொங்கல் பானை மாதிரி ஆகிவிடுவார்.

அடுத்தது, அசைவை வழவழப்பாக்கும் வசதி. ஒவ்வொரு டிவி கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பிக்சர் செட்டிங்கில் தேடினால் கிடைக்கும். நொடிக்கு 24 சட்டகம் என்று எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாகச் சில சட்டகங்களைத் தயாரித்துச் செருகுகிறது. ஹம்ப்ரி போகார்ட் மெகா சீரியலில் நடிப்பதுபோல் ஆகிவிடும். அணைத்துவிடுங்கள். அறை விளக்கையும்தான். கறுப்பு வெள்ளையில் பாதி விஷயம் நிழலுக்குள் இருக்கிறது, டியூப்லைட் வெளிச்சத்தில் அது தெரியாது.

சப்டைட்டில் போட்டுக்கொள்ள வெட்கப்படவே வேண்டாம். அந்தக் காலத்து நடிகர்கள் பலர் பேசும் உச்சரிப்பு பாதி லண்டன், பாதி நியூயார்க் என்று இருக்கும். நாடக மேடைக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்ட பேச்சு அது, தெருவில் யாரும் அப்படிப் பேசியதில்லை. இரண்டு மூன்று படத்தில் காது பழகிவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிற்பாடு கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றிய பிரதிகள் சுற்றுகின்றன, அவற்றைத் தொடாதீர்கள். நல்ல பிரதியா என்றும் பாருங்கள். 1940-ல் வந்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படத்தின் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் கண்டவர்களும் பிரதி எடுத்தார்கள், பிரதிக்குப் பிரதி எடுத்தார்கள். முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தால் படத்தின் வயதைத் திட்டாதீர்கள். அதே படத்தின் புதுப்பித்த பிரதி வேறெங்காவது இருக்கும். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் "பழைய படம் என்றாலே இப்படித்தான்" என்று நினைத்திருப்பது கெட்ட பிரதிகளைப் பார்த்துத்தான் என்று அடித்துச் சொல்வேன்.

எந்தப் படம் முதலில்

கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது 'ட்வெல்வ் ஆங்க்ரி மென்' (1957). 96 நிமிடம். ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய 12 ஜூரிகள், புழுக்கமான ஒரே அறை. 11 பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் "பேசிப் பார்ப்போமே" என்கிறார். வசனத்தை நம்பி நிற்கிற படம் என்பதால் நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்.

முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை கேமராவின் உயரத்தை மட்டும் கவனியுங்கள். தொடக்கத்தில் கேமரா ஆட்களின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும், நடுவில் கண்மட்டத்துக்கு வரும், கடைசியில் அதற்கும் கீழே இறங்கிவிடும். அதனால் முதலில் தெரியாத கூரை கடைசியில் தலைக்கு மேல் தெரிகிறது. இயக்குநர் சிட்னி லூமெட் லென்ஸையும் போகப் போக நீளமானதாக மாற்றிக்கொண்டே போனார். பின்சுவர் ஆட்களின் முதுகை நெருங்கி வருவதுபோல் இருக்கும். அறை சுருங்கியதாக நமக்குத் தோன்றுகிறது, ஏன் என்று தெரிவதில்லை. இந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அப்புறம் எந்தப் பழைய படத்தையும் உங்களால் சும்மா பார்க்க முடியாது.

கறுப்பு வெள்ளையே வேண்டாம் என்றால் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954). கால் உடைந்து சக்கர நாற்காலியில் கிடக்கும் ஒரு போட்டோக்காரர் எதிர்வீட்டு ஜன்னல்களை வேடிக்கை பார்க்கிறார். அந்த முற்றமும் குடியிருப்புகளும் மொத்தமும் பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். சிரிக்க வேண்டும் என்றால் 'சம் லைக் இட் ஹாட்' (1959): கொலையைப் பார்த்துவிட்ட இரண்டு வாத்தியக்காரர்கள் பெண் வேடம் போட்டுப் பெண்கள் இசைக்குழுவில் சேர்ந்துகொள்கிறார்கள். பாட்டும் ஆட்டமும் வேண்டும் என்றால் 'சிங்கிங் இன் தி ரெயின்' (1952). மௌனப் படம் பேசும்படமாக மாறிய அமளிதான் அதன் கதை என்பதால் சரித்திரப் பாடமும் ஓசியில் கிடைத்துவிடும்.

'கான் வித் தி விண்ட்', 'சிட்டிசன் கேன்', 'வெர்ட்டிகோ' மூன்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கால்மணி நேரம்

இன்றைய படம் முதல் நிமிடத்திலேயே சட்டையைப் பிடித்து உலுக்கும். இவை அப்படி இல்லை. முதலில் பெயர்கள் ஓடும். எல்லாப் பெயரும் அங்கேயே முடிந்துவிடும், கடைசியில் 'தி எண்ட்' என்று ஒரு அட்டைதான். அப்புறம் ஊர், தெரு, வீடு, ஆள் என்று நிதானமாக உள்ளே நுழைவார்கள். கதையை இரண்டு மூன்று தடவை யாராவது வாய்விட்டுச் சொல்வதையும் கேட்பீர்கள். எழுதத் தெரியாமல் இல்லை. அப்போது தியேட்டரில் காட்சிகள் விடாமல் சுற்றிச் சுற்றி ஓடும், ஜனங்கள் பாதிப் படத்தில் நுழைந்து, விட்ட இடம் வந்ததும் எழுந்து போவார்கள். 1960-ல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் அடம்பிடித்தது அதனால்தான் பெரிய செய்தியானது.

போனை வேறு அறையில் வைத்துவிட்டு 15 நிமிடம் கொடுங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிட்டு வேறு படம் போடுங்கள். இது பரீட்சை இல்லை.

காட்டாததைப் பார்ப்பது

இந்தப் படங்களை ரசிக்க ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

1930-ல் ஹாலிவுட் கம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே ஒரு ஒழுக்க விதி எழுதிக்கொண்டன. வில் ஹேஸ் என்பவர் தலைமையில் வந்ததால் ஹேஸ் விதி என்று பெயர். நாலு வருடம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அந்த நாலு வருடத்துப் படங்களைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். 1933-ல் வந்த 'பேபி ஃபேஸ்' படத்தில் பார்பரா ஸ்டான்விக் ஒரு வங்கியில் மாடிக்கு மாடி ஏறும் விதத்தை அதற்குப்பின் முப்பது வருடம் யாராலும் காட்டியிருக்க முடியாது. தேவாலயங்களின் எதிர்ப்பு வலுத்ததும் 1934 ஜூலை முதல் விதி இறுகியது. ஜோசப் ப்ரீன் என்பவரின் அலுவலகம் கதையைப் படித்து, படத்தைப் பார்த்து, முத்திரை தந்தால்தான் பெரிய தியேட்டர்களில் ஓட்ட முடியும். குற்றம் செய்தவன் தப்பிக்கக்கூடாது. கணவன் மனைவியானாலும் பெரும்பாலும் தனித்தனிக் கட்டில்தான். நீண்ட முத்தம் கூடாது.

திருடனுக்கு ஆயிரம் வழி. 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் கேரி கிராண்டும் இங்ரிட் பெர்க்மனும் இரண்டரை நிமிடத்துக்கு நெருங்கிய ஒரே ஷாட்டில் விலகவே மாட்டார்கள். ஆனால் எந்த முத்தமும் நீளாது. ஒரு முத்தம், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோழி சமைப்பது பற்றி ஒரு பேச்சு, இன்னொரு முத்தம், போன் எடுக்கப் பின்னிப்பிணைந்தபடியே ஒரு நடை. விதியின் எழுத்து ஒன்றைக்கூட ஹிட்ச்காக் மீறவில்லை. மீறியிருந்தால் இவ்வளவு நெருக்கம் வந்திருக்காது என்பது என் கட்சி.

எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் என்ற இயக்குநர் விதி இறுகுவதற்கு முன்பே இந்த வித்தையில் கரைகண்டவர். 'டிரபிள் இன் பாரடைஸ்' (1932) படத்தில் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் கடிகாரத்தைக் காட்டியே கடத்திவிடுவார். முள் நகரும், வேறு கடிகாரம் வரும், ஆட்களின் குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். யார் எந்த அறைக்குப் போனார்கள் என்று நாம்தான் கணக்குப் போட வேண்டும். 1935-ல் அந்தப் படத்தைத் திரும்ப வெளியிடக் கேட்டபோது ப்ரீன் அலுவலகம் அனுமதி மறுத்தது. கடிகாரத்தின் அர்த்தம் அவர்களுக்கும் புரிந்திருக்கிறது!

விதி இறுகுவதற்குச் சில மாதம் முன்பு வந்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' இன்னொரு நல்ல உதாரணம். வீட்டைவிட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் வேலை போன நிருபரும் ஒரே அறையில் இரவைக் கழிக்க வேண்டிய நிலை. க்ளார்க் கேபிள் அறைக்குக் குறுக்கே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு பைபிளில் இடிந்து விழும் எரிகோ மதிலின் பெயரை வைக்கிறார். அவ்வளவுதான், படம் முழுக்க அந்தப் போர்வைதான் கதை. அது எப்போது விழும் என்று காத்திருக்கிறோம். விழும் நொடியில் திரையில் யாருமே இல்லை. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய ஆஸ்கரையும் அள்ளிய முதல் படம் அது. 1956-ல் இந்தியில் 'சோரி சோரி', 1991-ல் 'தில் ஹை கி மான்தா நஹீன்' என்று அந்தக் கதை நம் பக்கமும் வந்து சேர்ந்தது.

ஒரு கதவு, ஒரு தீக்குச்சி

இப்போது ஒரே ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். படம், பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிடி' (1944). வால்டர் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒரு மனைவியோடு சேர்ந்து அவள் கணவனைக் கொன்று பாலிசிப் பணத்தை வாங்கத் திட்டமிடுகிறான். ரகசியம் எதையும் நான் உடைக்கவில்லை. படம் தொடங்கியதுமே வால்டர் தோளில் குண்டுக் காயத்தோடு ஆபீசுக்கு வந்து, டிக்டேஷன் மிஷினில் தன் குற்றத்தைத் தானே சொல்கிறான். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றேன், பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்கிறான். யார் செய்தது என்பதில் சஸ்பென்ஸே கிடையாது.

கொலை முடிந்தபின் ஒரு இரவு, அதே கம்பெனியின் கிளெய்ம் மேலாளர் கீஸ் வால்டரின் வீட்டுக்கு வருகிறார். குட்டையான, சுருட்டு பிடிக்கும், மோசடியை மோப்பம் பிடிக்கும் மனிதர். எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்திருக்கிறார். அந்த மனைவிமேல் தனக்குச் சந்தேகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே நேரத்தில் அவள், பார்பரா ஸ்டான்விக், வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறாள். உள்ளே பேச்சுக்குரல் கேட்டு நின்றுவிடுகிறாள். கீஸ் விடைபெற்றுக் கிளம்ப, வால்டர் கதவைத் திறக்கிறான். அவள் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

இங்கே கவனியுங்கள்: கதவு வெளிப்பக்கமாக, வராந்தாவை நோக்கித் திறக்கிறது. எந்த ஃப்ளாட்டில் வாசற்கதவு அப்படித் திறக்கும்? உள்பக்கம் திறந்தால் அவள் ஒளிய இடமில்லை, ஆகவே கதவின் கீலையே மாற்றிப் போட்டுவிட்டார்கள். எத்தனையோ பேர் பார்த்தும் பெரும்பாலானோருக்கு உறைப்பதே இல்லை, எனக்கு மூன்றாம் தடவைதான் உறைத்தது. அவள் பின்னாலிருந்து பிடியை லேசாக இழுக்கிறாள். தான் இருப்பது வால்டருக்குப் புரிகிறது. லிஃப்ட் பக்கம் நடந்த கீஸ் நின்று திரும்பி வருகிறார். நம் மூச்சு நின்றுவிடுகிறது. அவருக்கு வேண்டியது நெருப்பு. சுருட்டு வைத்திருக்கும் மனிதரிடம் படம் முழுக்க ஒருநாளும் தீக்குச்சி இருந்ததில்லை. வால்டர் வழக்கம்போல் கட்டைவிரல் நகத்தில் குச்சியைக் கிழித்துப் பற்றவைக்கிறான். ஒரே சட்டகத்தில் மூன்று பேர்: நம்புகிற நண்பர், நடுவில் கதவு, பின்னால் கொலைக்கூட்டாளி. கடைசிக் காட்சியில் யார் யாருக்குத் தீக்குச்சி கிழிக்கிறார்கள் என்று பாருங்கள். படத்தில் இருக்கும் உண்மையான காதல் கதை எது என்று அப்போது தெரியும்.

இந்த வகைப் படங்களுக்குத்தான் பின்னாளில் ஃப்ரெஞ்சு விமர்சகர்கள் நுவார், அதாவது கறுப்பு, என்று பெயர் வைத்தார்கள். ஜன்னல் பிளைண்டின் வரிவரி நிழல் சுவரில் விழுவது, பகலிலும் பாதி இருட்டான வீடு எல்லாம் அதன் அடையாளம். 'அந்த நாள்' (1954) படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இருட்டு ஏற்கெனவே பழக்கமானதுதான்.

வெளிச்சம்

அடுத்த தடவை ஒரு நாயகியின் குளோஸப் வரும்போது நிறுத்திப் பாருங்கள். முகத்தில் விழும் கீ லைட், நிழலை இளக்கும் ஃபில் லைட், தலைமுடியின் ஓரத்தை மினுக்கவைத்துப் பின்னணியிலிருந்து ஆளைப் பிரித்துக் காட்டும் பேக் லைட். மூன்றையும் அடையாளம் காண ஐந்து நிமிடம் போதும். 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) படத்தில் மார்லீன் டீட்ரிச்சுக்கு விளக்கை முன்னால் உயரத்தில் வைத்திருப்பார்கள். மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி போல ஒரு சின்ன நிழல் விழும், கன்னம் ஒட்டித் தெரியும்.

வண்ணத்தில் ஒரு வித்தை: 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939). பழுப்பு நிறத்தில் ஓடும் படத்தில் டோரதி ஒரு கதவைத் திறந்ததும் வெளியே வண்ண உலகம். ஒரே ஷாட். கிராஃபிக்ஸ் இல்லாத காலத்தில் எப்படி? வீட்டின் உட்பக்கத்துக்குப் பழுப்புச் சாயம் பூசினார்கள். ஜூடி கார்லண்டுக்குப் பதிலாகப் பழுப்பு உடை போட்ட டூப் ஒருவரை நிற்கவைத்துக் கதவைத் திறக்கச் செய்தார்கள். எடுத்தது முழுக்க வண்ண ஃபிலிமில். டூப் ஓரமாக ஒதுங்கியதும் நீல உடையில் ஜூடி நடந்து வருகிறார்.

சத்தமில்லாத படங்கள்

இதற்குச் சாப்ளின் வேண்டாம் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். 'சிட்டி லைட்ஸ்' (1931) கட்டாயம் பாருங்கள். ஆனால் தொடக்கத்துக்கு நான் பஸ்டர் கீட்டனைச் சொல்வேன். 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) வெறும் 45 நிமிடம். ஒரு ஆபரேட்டர் படம் ஓட்டிக்கொண்டே தூங்கிப்போய், கனவில் திரைக்குள் நுழைந்துவிடுகிறான். அவன் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னால் காட்சி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. உட்கார நினைத்தால் பெஞ்சு காணாமல் போகிறது, கடலில் குதித்தால் பனியில் விழுகிறான். இதே படத்தில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய நீர் கீட்டனைத் தண்டவாளத்தில் தள்ளியதில் கழுத்தெலும்பு முறிந்தது. அது முறிந்திருந்தது என்பதே அவருக்குப் பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறந்த சட்டம் சரியாக அவர் நிற்கும் இடத்தில் இறங்க, ஆள் அசையாமல் நிற்கிறார். நிஜச் சுவர், சில அங்குல இடைவெளி.

கீட்டனின் இந்த இரண்டு படங்களையும் இணையத்தில் சட்டப்படியே இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் இந்தக் காலத்துப் படங்களுக்குக் காப்புரிமை 95 வருடம், அது முடிந்துவிட்டது. இசை சரியில்லை என்றால் வேறு பிரதி தேடுங்கள். ஒரே படத்துக்குப் பலர் இசை போட்டிருப்பார்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்க மௌனப் படங்களில் பத்தில் ஏழு அழிந்துவிட்டன. நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், இல்லையென்றால் மக்கிப்போகும்.

கம்பெனிப் படம்

எம்ஜிஎம், பாரமவுண்ட், வார்னர், ஃபாக்ஸ், ஆர்கேஓ என்ற ஐந்து பெரிய கம்பெனிகள் படம் எடுத்தன, விநியோகித்தன, தியேட்டரும் வைத்திருந்தன. நடிகர், எழுத்தாளர், தையல்காரர் எல்லோரும் ஒப்பந்தச் சம்பளக்காரர்கள். 1948-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து தியேட்டர்களைக் கைவிடச் சொன்னபின்தான் இந்தப் பிடி தளர்ந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் பிடிபடும். அங்கே 'மந்திரி குமாரி' (1950) இயக்கியவர்களில் ஒருவரான எல்லிஸ் ஆர். டங்கன் ஒஹாயோக்காரர், கலிபோர்னியாவில் சினிமா படித்துவிட்டு வந்தவர். 'சதி லீலாவதி', 'அம்பிகாபதி', 'மீரா' எல்லாம் அவர் எடுத்தவை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தில் 'மீரா'வில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு டீட்ரிச்சைப் பாருங்கள்.

நடைமுறைக்கு: படத்தின் தொடக்கத்தில் வரும் கம்பெனி முத்திரையைக் கவனித்தாலே படம் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். சிங்கம் வந்தால் பளபளப்பு, பணம். வார்னர் கேடயம் வந்தால் நகரம், ரவுடி, நிருபர், வேகம். யுனிவர்சல் உருண்டை வந்து அது முப்பதுகளாக இருந்தால் அநேகமாகப் பேய்.

நெருடும் இடங்கள்

பார்க்கப் பார்க்கச் சங்கடமும் வரும். கறுப்பின நடிகர்களுக்கு வேலைக்காரர் வேடம்தான். 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல். அந்தப் படத்தின் அட்லாண்டா முதல் காட்சிக்கு அவரால் போக முடியவில்லை, ஆஸ்கர் விழாவிலும் அவருக்குத் தனி மேஜை. 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் டீட்ரிச்சுக்குச் சமமாக நிற்கும் அன்னா மே வாங் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன வம்சாவளிப் பெண். சீனக் குடியானவர் கதையான 'தி குட் எர்த்' (1937) எடுத்தபோது நாயகி வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை, மேக்கப் போட்ட ஐரோப்பிய நடிகைக்குப் போனது. நாயகன் வெள்ளையர், இனம் கலந்த ஜோடியை ஹேஸ் விதி ஒத்துக்கொள்ளாது. 'நொட்டோரியஸ்' முத்தத்தைக் கொடுத்த அதே விதிதான்.

மெர்ல் ஓபரான் கதை நமக்கு இன்னும் பக்கம். பம்பாயில் பிறந்தவர், தாய்வழி இலங்கையைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லியே வாழ்ந்தார். 1935-ல் வந்த 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பிறந்த ஊரை வெளியில் சொல்லியிருந்தால் அந்த இடத்துக்கு வந்திருக்கவே முடியாது. இந்த விஷயங்கள் தெரிந்தபின் படத்தை ஒதுக்குபவர்கள் உண்டு. நான் ஒதுக்குவதில்லை, ஆனால் ஓரத்தில் நிற்கும் வேலைக்காரியின் முகத்தையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

நூல் பிடித்துப் போங்கள்

பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவது சலிப்பு. ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டான்விக் பிடித்திருந்தால் 'தி லேடி ஈவ்' (1941). அதே பெண், இந்தத் தடவை சிரிப்பு. வைல்டர் பிடித்திருந்தால் 'சன்செட் புலவார்ட்' (1950), 'தி அபார்ட்மென்ட்' (1960). இப்படி ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும். பட்டியல்தான் வேண்டும் என்றால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1989 முதல் வருடத்துக்கு 25 படம் என்று பாதுகாக்கத் தேர்ந்தெடுக்கும் தேசியத் திரைப்படப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் பெரிய படத்தோடு சாதாரண வீட்டு வீடியோவும் இடம்பெறும்.

'காஸாபிளாங்கா' (1942) எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஃப்ரெஞ்சு தேசிய கீதம் பாடும் இடத்தில் மட்டும் பின்னால் இருப்பவர்களைப் பாருங்கள். அந்த செட்டில் இருந்த பலர் ஹிட்லருக்குப் பயந்து நிஜமாகவே ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்தவர்கள். கண்ணில் நீரோடு பாடும் நடிகை மாடலின் லெபோவும் அப்படி வந்தவர்தான். நாஜி மேஜராக நடிக்கும் கான்ராட் வைட்டும் நாஜிகளால் ஜெர்மனியை விட்டவர்.

அப்புறம் கேன்

பத்துப் பன்னிரண்டு படம் ஆனபின் 'சிட்டிசன் கேன்' (1941) போடுங்கள். நான் இரண்டாம் தடவை பார்த்தபோது தூக்கம் வரவில்லை. முதல் தடவை நான் தூங்குவதற்கு முன்பே கடந்துபோயிருந்த ஒரு காட்சி, அப்போது கண்ணிலேயே படாதது.

கொலராடோவில் பனி கொட்டுகிறது. ஒரு பையன் சறுக்குப் பலகையோடு தனியாக விளையாடுகிறான். கேமரா பின்னால் வர, அது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. இன்னும் பின்னால் வர, உள்ளே அம்மா, நகரத்து வங்கிக்காரர், முணுமுணுக்கும் அப்பா. மேஜையில் காகிதம். பையனை வங்கிக்காரரிடம் ஒப்படைக்கும் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போடுகிறாள். முன்னால் அவள் முகம் துல்லியமாக இருக்கிறது. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் லென்ஸில், அறைக்கு அந்தக் கடைசியில், ஜன்னல் சட்டத்துக்குள், பொட்டு மாதிரி அந்தப் பையனும் அதே துல்லியத்தோடு இருக்கிறான். பனியில் கத்திக்கொண்டு ஓடுகிறான். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறார். சத்தம் நின்றுவிடுகிறது. கையெழுத்து முடிந்ததும் அம்மா போய் அதைத் திறக்கிறாள். குளிர் உள்ளே வருகிறது, பையனைக் கூப்பிடுகிறாள். பிறகு, அவன் பெட்டியை ஒரு வாரமாகவே கட்டி வைத்திருப்பதாகச் சொல்கிறாள்.